காசியின் வீடு நிறைவுற்ற விதம்

புரட்டாசி மாதம் இருபதாம் தேதி, காலை பத்தே காலுக்கு, காசி வீடு கட்டி முடித்தான். அந்தச் சமயத்தில் அவன் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு வேப்பமரத்தின் மேல் இருந்தான். சட்டைப் பையில் போன் கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தால், 'வாழ்த்துகள்! தங்கள் வாழ்விட வடிவம் நிறைவுற்றது. இனிதே வாழ்க. வடிவ இலக்கண வாரியம்' என்று இருந்தது.

மரக்கிளையில் உட்கார்ந்தபடியே தன் மனையைப் பார்த்தான். மனை மொட்டையாகக் கிடந்தது. நடுவில் ஒரு வாசக்கால் மட்டும் மஞ்சள் குங்குமத்தோடு தன்னந்தனியாக நின்றது. அதில் கதவுகூட இல்லை. அந்தப் பக்கம் மேயும் ஆடு இந்தப் பக்கத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. மனையின் ஓரத்தில் நீலத் தார்ப்பாய், தார்ப்பாய்க்குக் கீழே அடுப்பு, அடுப்புக்கு முன்னால் அவன் மனைவி வெள்ளையம்மாள்.

"ஏம்மே, வூடு முடிஞ்சிட்சாம்" என்று மேலிருந்தே கத்தினான்.

"எவன் வூடு?"

"நம்ம வூடுதான்."

வெள்ளையம்மாள் அண்ணாந்து அவனை ஒரு பார்வை பார்த்தாள். "எறங்கி வா. வெயிலு தலைக்கு ஏறிட்ச்சு" என்றாள்.

வெயில் காசியின் தலைக்கு ஏறவில்லை. ஏறியிருந்தால் அது ஒடுகத்தூரில், உரக்கடை மாடியில், குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கணினியின் தலைக்குத்தான் ஏறியிருக்க வேண்டும். அந்தக் கணினியைப் பற்றிச் சொல்வதற்கு முன், காசிக்கு என்ன அவ்வளவு அவசரம் என்று சொல்லிவிடுகிறேன்.

போன கார்த்திகையில் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் காசியின் மண்சுவரைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு ஆடு போயிற்று. வாசக்கால் மட்டும் பிழைத்தது. அன்றிலிருந்து புருஷன் பெண்டாட்டி இருவரும் தார்ப்பாய்க்குக் கீழே குடித்தனம் நடத்துகிறார்கள். அவர்கள் இருவர் மட்டும் என்றால் இன்னும் ரெண்டு வருஷம்கூட அப்படியே ஓட்டிவிடுவார்கள். கண்ணமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகள் ஆனந்திதான் விஷயம்.

ஆனந்திக்கு இது ஏழாம் மாதம். இதற்கு முன் ஒன்று ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துபோய்விட்டது. அவள் மாமியார் வீட்டார் சாலையோரத்தில் டிபன் கடை வைத்திருக்கிறார்கள். அங்கே விடிந்தால் நின்றுகொண்டே இருக்க வேண்டும். "இந்தத் தடவை படுக்கையிலேயே இருக்கணும், இல்லன்னா நான் பொறுப்பில்ல" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது ஊர் வழக்கம். ஆனால் தாய்வீடு என்று ஒன்று இருந்தால்தானே? ஆனந்தியின் மாமியார் மங்கம்மாள் கெட்டவள் அல்ல. "தார்ப்பாய் கீழ எப்டி சம்மந்தி அனுப்பறது? பூச்சி பொட்டு வரும். ஒரே ஒரு ரூம் கட்டுங்க, அன்னிக்கே அனுப்பி வெக்கறேன்" என்று நியாயமாகத்தான் கேட்டாள். ஒரே ஒரு ரூம். நாலு சுவர், மேலே எதையாவது போட்டு மூடிய ஒரு ரூம். ஐப்பசி மழைக்கு முன்னால் அது வேண்டும். காசியின் வாழ்க்கையில் அப்போது வேறு எந்த ஆசையும் இல்லை.

ஒரு ரூம் கட்ட அவனுக்குத் தெரியாதா? மண் இருக்கிறது, கை இருக்கிறது. ஆனால் வாரியம் இருக்கிறதே!

அடிவாரத்து ஜனங்கள் கண்டபடி வீடு கட்டி மலையின் அழகைக் கெடுக்கிறார்கள் என்று யாரோ ஒரு பெரிய மனிதருக்குக் காரில் போகும்போது தோன்றியிருக்கிறது. அதன் விளைவுதான் வடிவ இலக்கண வாரியம். நிபுணர்கள் மூன்று வருஷம் மலையிலும் அடிவாரத்திலும் திரிந்து பழைய வீடுகளை எல்லாம் அளந்தார்கள். அளந்ததை நானூற்றுப் பதினேழு விதிகளாக எழுதிக் கணினிக்குள் போட்டார்கள். இனி அடிவாரத்தில் எவன் வீடு கட்டினாலும் அந்த விதிகளின்படி கணினி வரைந்து தரும் வீட்டைத்தான் கட்ட வேண்டும். கணினி உத்தரவு கொடுத்தால் செங்கல், சிமெண்ட் எல்லாம் வாரியமே தரும். உத்தரவு இல்லாமல் கட்டினால் இடிக்கவும் வாரியமே வரும். பக்கத்து மனை சந்திரன் பெண்டு பிள்ளைகள் குளிக்க மறைவாக நாலடிக்கு ஒரு சுவர் எழுப்பினான். 'இலக்கணமற்ற சுவர்' என்று நோட்டீஸ் ஒட்டி, மறுநாளே ஜேசிபி கொண்டுவந்து தள்ளிவிட்டார்கள். நாலடிச் சுவரைத் தள்ள அவ்வளவு பெரிய ஜேசிபியா என்று ஊரே வந்து வேடிக்கை பார்த்தது.

அதனால் காசி தை மாதமே முறைப்படி மனு போட்டான். 'மனை எந்த வடிவமும் இன்றி வெறுமையாக இருத்தல் வேண்டும்' என்று முதல் கடிதம் வந்தது. இடிந்த சுவரையும் அடித்தளக் கல்லையும் ஒன்றுவிடாமல் வாரிக் கொட்டி, பிழைத்த வாசக்காலையும் பெயர்த்து ஓரமாகப் படுக்கவைத்தான். 'வான்வழிப் படம் எடுக்கப்படும் வரை காத்திருக்கவும்' என்று இரண்டாவது கடிதம் வந்தது. காத்திருந்தான். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என்று காத்திருந்தான்.

ஆவணி கடைசி முகூர்த்தமும் வந்தது. அதை விட்டால் புரட்டாசி, புரட்டாசியில் யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். அப்புறம் மழை. நாள் தவறிப்போகாமல் இருக்க அடிவாரத்து ஜனங்கள் ஒரு வேலை செய்வார்கள். கையில் செங்கல் இருக்கிறதோ இல்லையோ, நல்ல நாளில் வாசக்காலை நட்டுப் பால் தெளித்துப் பூஜை போட்டுவிடுவார்கள். வாசக்கால் நின்றுவிட்டால் வீடு ஆரம்பித்த மாதிரி. சுவரை அப்புறம் எந்த மாதத்தில் வேண்டுமானாலும் எழுப்பிக்கொள்ளலாம். காசியும் வெள்ளையம்மாளும் அதைத்தான் செய்தார்கள்.

எட்டு மாதமாக வராத ட்ரோன் அதற்கு மறுநாள் வந்தது.

வாழ்த்துச் செய்தி வந்த மறுநாள் காலை காசி போனை எடுத்துக்கொண்டு ஒடுகத்தூர் பஸ் ஏறினான். உரக்கடை மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. வாரியத்தில் ஊழியர்கள் அனைவரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். இயக்குநர் குணசீலன், முனைவர் பட்டம் பெற்றவர், வெள்ளைப் பலகையின் முன் நின்று, பேனா மூடியைக் கழற்றி, கண்ணை மூடி, பலகையின் நடுவில் ஒரு புள்ளி வைத்தார். எல்லோரும் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார்கள். எல்லா வடிவங்களும் புள்ளியிலிருந்து பிறப்பதால் தினமும் காலையில் புள்ளிக்கு மரியாதை செய்வது வாரியத்தின் வழக்கம். மாலை ஐந்து மணிக்குத்தான் அதை அழிப்பார்கள். அன்று வரிசையில் காசிக்கு முன்னால் நின்றிருந்த ஒரு கிழவர் பலகையில் சாய்ந்து புள்ளியைத் தோளில் அப்பிக்கொண்டதால், அரைமணி நேரம் வேலை நின்று, மறுபடி எல்லோரும் எழுந்து, மறுபடி புள்ளி வைக்கப்பட்டது.

கணினியை ஓட்டுபவன் அருண்ராஜ் என்ற இளம் பொறியாளன். செங்கத்துக்காரன். நல்ல பையன்தான், ஆனால் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.

"அண்ணே, இது ரொம்ப சிம்பிள்" என்று அவன் காசிக்கு விளக்கினான். "ஒவ்வொரு விதிக்கும் எடது பக்கம் ஒரு உருவம் இருக்கும், வலது பக்கம் ஒரு உருவம் இருக்கும். எடது பக்கத்து உருவத்த எங்க பாத்தாலும் கம்ப்யூட்டர் அத எடுத்துட்டு, வலது பக்கத்து உருவத்த வெச்சிடும். மொதல்ல புள்ளி. புள்ளி சதுரமாவும். சதுரத்துக்குப் பக்கத்துல இன்னொரு சதுரம். அப்டியே ரூமு, சமையக்கட்டு, தாழ்வாரம்னு போவும். கடைசி விதி வாசக்கால். வாசக்கால் வந்துட்சின்னா வூடு முடிஞ்சிட்சின்னு அர்த்தம். அதுக்கப்பறம் எந்த விதியும் ஓடாது."

"நாம மொதல்ல வாசக்கால்தானே தம்பி நடுவோம்?"

"எங்க ஊர்லயும் அப்டிதாண்ணே. ஆனா நிபுணருங்க வந்து அளந்தப்ப எல்லா வூடும் கட்டி முடிச்ச வூடு. எத மொதல்ல வெச்சாங்க, எத கடைசியா வெச்சாங்கன்னு யாரும் யாரையும் கேக்கல."

திரையில் ஒரு வீட்டைக் காட்டினான். காசி திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தான். ஓட்டுக் கூரை, தாழ்வாரம், இரண்டு படுக்கையறை, சமையற்கட்டுக்குப் புகைபோக்கி. முன்னால் அவனுடைய வாசக்கால். அதில் வெள்ளையம்மாள் வைத்த குங்குமம்கூட அப்படியே இருந்தது.

"இது இன்னா?"

"உங்க வூடுதாண்ணே. வாசக்கால் சொவத்துலதான் வரும். அப்ப சொவுரு இருக்கணும். சொவுரு ரூமுக்குத்தான் வரும். அப்ப ரூமு இருக்கணும். ரூமுன்னா கூரை இருக்கணும். அப்டியே பின்னாடி கணக்கு போட்டுக் கண்டுபுடிச்சிட்சி."

"தம்பி, நீ போட்டோவ பாத்தியா?"

"பாத்தேன்."

"அதுல சொவுரு கீதா?"

"இல்ல."

"அப்பறம்?"

அருண்ராஜ் குரலைத் தாழ்த்தினான். "போட்டோ தப்பா இருக்கலாம், விதி தப்பாவாதுன்னு டைரக்டர் சொல்லிட்டாருண்ணே."

இயக்குநர் குணசீலன் காசியைப் பார்க்க மாட்டார் என்று பயந்தது தேவையில்லாமல் போயிற்று. அவர் காசியை உள்ளே அழைத்து உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்கள் எவ்வளவு பெரிய பாக்கியசாலி தெரியுமா, காசி? இந்த வாரியம் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. இதுவரை நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வீடுகளை உருவாக்கியிருக்கிறோம். உங்கள் ஒருவருடைய மனைக்கே ஆயிரத்துச் சொச்சம் வீடுகள் சாத்தியம்!"

"அதெல்லாம் எங்கங்க ஐயா கீது?"

"கணினியில் இருக்கின்றன. ஒன்றில்கூட இதுவரை விரிசல் விட்டதில்லை. வேறு எந்தத் துறையாவது இப்படி நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா? வீட்டைக் கட்டினால்தான் குறை வரும். அதனால் கட்டுமானத்தில் நாங்கள் அவசரம் காட்டுவதில்லை. ஆனால் மேலிடத்தில் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறார்கள். 'ஆறு வருடத்தில் ஒரு வீடாவது முடிந்ததா' என்று போன மாதம்கூடக் கேட்டுக் கடிதம் போட்டார்கள். உங்கள் வீடு வந்து எங்கள் மானத்தைக் காப்பாற்றியது."

"ஐயா, அங்க வூடே இல்லீங்க. வாசக்கால் மட்டுந்தான் நிக்குது. எம்பொண்ணு புள்ளத்தாச்சிங்க. படுக்க எடம் இல்லீங்க."

"நீங்கள் வீட்டைப் பொருளாகப் பார்க்கிறீர்கள். நாங்கள் வடிவமாகப் பார்க்கிறோம்" என்றார் குணசீலன் பரிவோடு. "பார்வை வேறுபாடு. காலப்போக்கில் சரியாகிவிடும்."

"அப்ப அந்த வாசக்கால புடுங்கிட்டா?"

குணசீலனின் முகம் மாறியது. "வாரியம் நிறைவுற்றதாக அறிவித்த வீட்டின் பாகத்தை அகற்றுவதா? அரசு வீட்டை இடித்த குற்றம். மூன்று வருடம் உள்ளே இருக்க வேண்டும். உள்ளே என்றால் நிஜமான சுவருக்குள்ளே."

அப்படியே பிடுங்கலாம் என்றாலும் வெள்ளையம்மாள் விடமாட்டாள். முந்தின நாள் ராத்திரியே காசி அதைப் பேச்சுக்குச் சொல்லிப் பார்த்தான். "வயித்துப் புள்ளக்காரிய வெச்சிக்குனு, பால் தெளிச்ச வாசக்கால புடுங்கறேன்றியே, உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?" என்று அவள் அழுதே விட்டாள்.

காசி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வரும் கட்டத்தைத் தாண்டி, கை கால் ஓயும் கட்டத்துக்கு வந்துவிட்டான். பின்னாலேயே வந்த அருண்ராஜ்தான் ஒரு வழி சொன்னான்.

"அண்ணே, முடிஞ்ச வூட்டுக்குக் கூடுதலா ஒரு ரூம் கேட்டு விரிவாக்க மனு குடுக்கலாம். பதினெட்டாம் விதி. கம்ப்யூட்டரு ஒத்துக்கிச்சின்னா அந்த ஒரு ரூமுக்குச் செங்கல்லு வரும்."

ஒரே ஒரு ரூம்! காசி எழுந்து நின்று அந்தப் பையனைக் கும்பிட்டான். அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை, பசிக்கவும் இல்லை. ராத்திரி மகளுக்குப் போன் போட்டு, "பத்து நாளு பொறுத்துக்க ஆனந்தி, நானே வந்து கூட்டினு வர்றேன்" என்றான். "சீக்கிரம் வாப்பா. கால் ரெண்டும் வீங்கிப்போச்சுப்பா" என்று அவள் சொன்னதைக் கேட்டு, போனை வைத்த பிறகும் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

பதினெட்டாம் விதி சின்ன விதிதான். அறையைக் கண்டால் அதன் பக்கத்தில் இன்னோர் அறையை வை. அவ்வளவுதான். மனுவை ஏற்றிக் கணினி முதல் அறையை வைத்தது. வைத்துவிட்டுப் பார்த்தால் அங்கே ஓர் அறை இருந்தது. அறையைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்? பக்கத்தில் இன்னோர் அறையை வைத்தது. அதையும் கண்டது. எங்கே நிறுத்த வேண்டும் என்று நிபுணர்கள் எழுதவில்லை. பழைய வீடுகளில் மண் தீர்ந்ததும் மனிதர்கள் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள், அதை அளக்க முடியவில்லை. ஊழியர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் காசியின் வீடு சந்திரன் மனையைத் தாண்டி, கிணற்றை உள்ளே விட்டு, வேர்க்கடலைக் காட்டின் மேல் ஏறி, ஓடையைக் கடந்து, மலையடியில் காப்புக் காட்டுக்குள் புகுந்துவிட்டது. அருண்ராஜ் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கியபோது அறுபத்தொன்றாவது அறை.

மனு போட்ட நான்காம் நாள் வனத்துறைக் காவலர் ஒருவர் சைக்கிளில் வந்தார். காப்புக் காட்டில் பதினான்கு அறைகள் கட்டி ஆக்கிரமித்ததற்காகக் காசியின் மேல் நோட்டீஸ்.

"ஐயா, நீங்களே காட்டு வழியாத்தானே வந்தீங்க. ரூமு எதனாச்சும் இருந்துச்சா?" என்று காசி கேட்டான்.

"நான் பாக்கல" என்று அவர் ஒத்துக்கொண்டார். "ஆனா வாரியத்துலருந்து வந்த படத்துல இருக்குது. நாளைக்கு யாராச்சும் வந்து, ஏன் நோட்டீஸ் தரலன்னு என்னக் கேப்பாங்க. உன்னக் கேப்பாங்களா?" அவரும் பிள்ளைகுட்டிக்காரர். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் வாரியத்திலிருந்து பதில் வந்தது. அறுபத்தொரு அறைகள் கொண்ட வீட்டின் உரிமையாளர் மேலும் ஓர் அறை கேட்பது பேராசை என்று கருதி மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. கூடவே, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர் பட்டியலிலிருந்து காசியின் பெயரும் நீக்கப்பட்டிருந்தது.

எட்டாம் நாள் சம்பந்தி மங்கம்மாள் போன் செய்தாள். காசி பேசுவதற்கு முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள். "ஏன் சம்மந்தி, இப்டியா பண்ணுவீங்க? வாரியம் வாட்ஸப்புல போட்டு ஊரே பாக்குது உங்க வூட்ட. ஓடு போட்டு, தாழ்வாரம் வெச்சி, அரமண மாதிரி கட்டி வெச்சிக்குனு, தார்ப்பாய்ல கீறோம்னு எங்ககிட்ட சொல்லினு இருந்தீங்களா? பொண்ணுக்குச் சீர் செய்யணுமேன்னு மறைக்கிறீங்களா? எங்களுக்கு உங்க சீரும் வாணாம், ஒண்ணும் வாணாம். ரூம் இருந்தா போதும்னுதானே கேட்டேன்? வெள்ளிக்கெழம சாவி குடுக்கறாங்களாமே. அன்னிக்கே மணிவேல் கொண்டாந்து வுட்டுடுவான்."

"சம்மந்தி, அது வூடு இல்ல, படம்" என்றான் காசி.

"படத்துல இருக்கறது வூடுதானே?" என்று கேட்டு அவள் போனை வைத்துவிட்டாள். காசி மறுபடி மறுபடி அடித்தான். அவள் எடுக்கவில்லை. மருமகன் மணிவேலும் எடுக்கவில்லை. ஆனந்தியின் போன் மாமியாரிடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஐப்பசி முதல் வாரம். காலையிலேயே மலை கறுத்திருந்தது. ஆறு வருஷத்தில் முதல் வீடு என்பதால் வாரியத்தின் ஆணையர் சிவசங்கரி அம்மையாரே நேரில் வந்தார். மனைக்கு முன்னால் ரோட்டோரமாக முப்பதடி ஃப்ளெக்ஸ் பேனர் கட்டி, அதில் காசியின் வீட்டை அச்சடித்திருந்தார்கள். ரோட்டில் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் பிரமாதமான வீடு. பேனருக்குப் பின்னால் போனால் வாசக்காலும் ரிப்பனும்.

ரிப்பன் வெட்டும்வரை எல்லோரும் வாசக்காலுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எங்கும் திறந்த வெளி. ஒருவரும் சுற்றிக்கொண்டு உள்ளே போகவில்லை. சந்திரனின் நாய் ஒன்று குறுக்கே ஓடியது, அதை உதவியாளர் ஒருவர் விரட்டிப் பிடித்துக்கொண்டு வந்து வாசக்கால் வழியாக வெளியே விட்டார்.

ரிப்பனை வெட்டிவிட்டு ஆணையர் வாசக்காலுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பேசினார். "நான் எத்தனையோ வீடுகளைத் திறந்துவைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் உள்ளே போனதும் புழுக்கமாக இருக்கும். இங்கே என்ன காற்றோட்டம்! வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. ஏழைகள் சுவர் கேட்கிறார்கள், கூரை கேட்கிறார்கள். கேட்டதைக் கொடுப்பதா நிர்வாகம்? அவர்களுக்கே தெரியாத தேவையைக் கண்டறிந்து கொடுப்பதுதான் நிர்வாகம்!" ஊழியர்கள் கை தட்டினார்கள்.

தூறல் விழுந்தது. வெள்ளையம்மாள் தலைக்குமேல் முந்தானையை இழுத்துவிட்டாள். குணசீலன் ஓடிவந்து, "அம்மா, வீட்டுக்குள் இருக்கும்போது தலையை மூடாதீர்கள், போட்டோவில் தவறாகத் தெரியும்" என்றார்.

சாவி வாங்கக் காசியைக் கூப்பிட்டார்கள். அவன் அசையவில்லை. "வாங்க மாட்டேன், எல்லார் எதுருலயும் கேட்டுடறேன்" என்று முணுமுணுத்தான். அருண்ராஜ் அவன் பக்கத்தில் வந்து தோளைப் பிடித்தான்.

"அண்ணே, சொல்றத கேளுங்க. இன்னிக்கு வாங்கிக்கினு கையெழுத்து போட்டுடுங்க. குடும்பத்தோட குடியேறிட்டாங்கன்னு நான் எழுதிட்டா, குறை இருந்தா சொல்லலாம். ஒழுகுதுன்னு சொல்லுங்க. ஒழுவற வூட்டுக்குப் பத்து கூரை ஷீட்டு குடுக்கறாங்க. நெஜமான ஷீட்டு, நானே ஏத்தி அனுப்பறேன். பத்தே நாளு. இன்னிக்கு வாங்கலன்னா பத்து வருசத்துக்கு உங்க பேர எடுத்துடுவாங்க."

பத்து ஷீட் இருந்தால் நாலு கம்பு நட்டு ஒரு ரூம் மறைத்துவிடலாம். காசி கையெழுத்துப் போட்டான். சாவி பெரிய பித்தளைச் சாவி. பூட்டு இல்லாததால் எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியில் முடிந்துகொண்டான்.

அப்போது பேனருக்கு முன்னால் ஒரு ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "போம்மா, வூடு முன்னாடிதான் கீது. கடைய அப்படியே போட்டுட்டு வந்துட்டேன், நான் கெளம்பறேன்" என்று மணிவேலின் குரலும் கேட்டது. காசி பேனரைச் சுற்றிக்கொண்டு ஓடுவதற்குள் ஆட்டோ திரும்பிப் போய்விட்டது.

ஆனந்தி ஒரு கையில் பையும் ஒரு கையில் இடுப்புமாக பேனரைத் தாண்டி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. மனையைப் பார்த்தாள். தார்ப்பாயைப் பார்த்தாள். கோட்டு சூட்டோடு நின்ற ஆட்களைப் பார்த்தாள்.

"அப்பா, வூடு எங்கப்பா?"

ஆணையர் திரும்பிக் குணசீலனைப் பார்த்தார். குணசீலன் காசியைப் பார்த்தார். அருண்ராஜின் பேனா தாளின் மேல் நின்றது. குடும்பத்தோடு குடியேறினால்தான் ஷீட்.

காசி மகளின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். "இதாம்மா வூடு. வலது கால எடுத்து வெச்சி உள்ள வா" என்றான்.

ஆனந்தி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வலது காலை எடுத்து வைத்து வாசக்காலுக்கு இந்தப் பக்கம் வந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

"நிக்க முடியலப்பா. எங்கியாவது படுக்கணும்."

தார்ப்பாய் நேர் எதிரே இருபதடி தூரத்தில் இருந்தது. அவள் அதை நோக்கி நடந்தாள். "அங்கே சுவர், அங்கே சுவர்!" என்று குணசீலன் பதறிக் கத்தினார். போட்டோக்காரர்கள் கேமராவை இறக்கினார்கள். ஆனந்தி பாதியில் நின்றுவிட்டாள். காசி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான். அருண்ராஜ் தாளைப் பார்த்துக் கையால் காட்டினான். இடப்பக்கம் ஆறு தப்படி, அப்புறம் தாழ்வாரம், அப்புறம் வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

"இப்டி வாம்மா. சொவத்துல இடிச்சிக்காத" என்றான் காசி.

மழை வலுத்தது. பதினோரு மாதமாகக் காலால் மிதித்துத் திரிந்த தன் மண்ணில், இல்லாத சுவரை ஒட்டி, பிள்ளைத்தாய்ச்சி மகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துச் சுற்றிக்கொண்டு நடந்தான். அவள் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். படுக்கையறை என்று அருண்ராஜ் காட்டிய இடத்தில் வெள்ளையம்மாள் பாயை விரித்தாள். ஆனந்தி அதில் ஒருக்களித்துப் படுத்து முகத்தை முழங்கையால் மூடிக்கொண்டாள். வெள்ளையம்மாள் அவள் வயிற்றின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்து முதுகை மழைக்குக் கொடுத்தாள்.

ஆணையர் குடைக்குள் நின்றபடி, படிவத்தில் கடைசியாக இருந்த கேள்வியைக் கேட்டார். "பயனாளிக்கு வீட்டில் ஏதேனும் குறை உண்டா?"

"ஒழுகுதுங்கம்மா" என்றான் காசி.

குணசீலன் படிவத்தைப் புரட்டினார். "எந்த அறையில்?"

காசி திரும்பிப் பார்த்தான். பாய் முழுக்க நனைந்திருந்தது.

"எம்பொண்ணு படுத்துனு இருக்கற ரூம்லங்க" என்றான்.

அருண்ராஜ் எழுதிக்கொண்டான். தாளில் தண்ணீர் விழுந்து மை பரவியதால் இரண்டாவது தடவையும் எழுத வேண்டியிருந்தது.